பிலோமினா அக்கா செய்யாத பிழை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்பு பெரும்பாலும் இறப்பு அறிவிப்புக்காகத்தான் இருக்கும். அதை எடுத்து எழுதிக்கொள்வது என் வேலை. அதற்கென்று அச்சடித்த தாள் ஒன்று உண்டு. பெயர், வயது, ஊர், இறந்த நேரம், அடக்கம் அல்லது தகனம், தகவல் தருபவர் என்று கட்டங்கள் இருக்கும். வரிசையாகக் கேட்டு நிரப்பினால் போதும், யோசித்துப் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

"ஏனுங்க, ஒரு அறிவிப்புக் கொடுக்கோணுங்க" என்றது ஓர் ஆண் குரல்.

"சொல்லுங்க. பேருங்க?"

"பிலோமினா."

எழுதினேன். "வயசுங்க?"

"நாப்பத்தொம்பது."

"ஊருங்க?"

"கருமத்தம்பட்டி."

"எப்பங்க?"

"இன்னிக்கு வெடியால நாலரைக்குங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். நிக்கலீங்க."

"அடக்கம் எப்பங்க?"

"நாளைக்கு மூணு மணி. கோயில்ல பூசை வெச்சு அதுக்கப்புறம்."

"தகவல் கொடுக்கறவங்க பேருங்க?"

"தம்பி. ஸ்டீபன்." நான் எழுதும்வரை பொறுத்தார். பிறகு, "அம்மணி, நீங்க கௌசல்யாதானுங்க? எங்கக்கா உங்க ஆபீஸ்தானுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வைத்துவிட்டேன். தாளை எடுத்துப்போய் ஆசிரியர் மேசையில், மற்ற இரண்டு தாள்களுக்கு மேல் வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த நகைக்கடை விளம்பரத்தை முடித்தேன். ஆசிரியர் வந்து அந்தத் தாளைப் பார்த்து, "என்ன கண்ணு இது" என்று கேட்டபோதுதான், நான் எழுதியது யாருடைய பெயர் என்று எனக்கு உறைத்தது. உறைத்தும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை.

பிலோமினா அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். நம் வார இதழில் பதினோரு வருடம் 'நம்மூர் மனிதர்கள்' பகுதியை எழுதியவர் அவர். சோமனூர், சூலூர், பல்லடம் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் இறந்தாலும், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தாலும், எண்பது வயது முடிந்து விழா எடுத்தாலும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா அந்த வீட்டு வாசலில் நிற்பார். அப்படி நின்றவரைப் பார்த்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். கடைசி எட்டு மாதமாக அந்தப் பகுதியில் அவர் பெயர் ஏன் வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது நடந்தது வேறு மாதிரி. அதைச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி எழுத எனக்கு வராது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இங்கே பக்கங்களைக் கணினியில் அமைப்பது என் வேலை.

அக்கா எப்படி வேலை செய்வார் என்பதை ஒருமுறை கூடவே போய்ப் பார்த்தேன். புகைப்படம் எடுப்பவர் வராததால் கேமராவைப் பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பல்லடம் சாலையில் ஒரு பஸ் கம்பெனி முதலாளி இறந்து மூன்றாம் நாள். கூடத்தில் மகன்கள் மூவரும் உட்கார்ந்து, அப்பா ஒற்றைப் பஸ்ஸில் தொடங்கி பதினான்கு பஸ் ஆக்கிய கதையைச் சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாரனுங்க" என்று எழுந்து நேராகச் சமையல் கட்டுக்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். அங்கே மருமகளும், இருபது வருடமாகச் சமைக்கும் ஓர் அம்மாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கேட்காமலே ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தார்.

"பெரியவரு எப்படிங்க, பஸ்ஸுன்னா உசுரா?" என்றார்.

சமைக்கிற அம்மா சிரித்துவிட்டார். சாவு வீடு என்பதால் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கீங்க. பஸ்ஸுல ஏறுனா அவருக்கு வாந்தி. ஒரு நாளும் ஏற மாட்டாரு. கோயமுத்தூருக்கே மொபட்லதான் போவாரு."

"மாமாவுக்கு டீசல் வாசமே ஆகாதுங்க" என்றார் மருமகள். "டிரைவருங்க சம்பளம் வாங்க வந்தாக்கூட, சித்த தள்ளி நில்லுப்பான்னுதான் சொல்லுவாரு."

அந்த வாரம் அக்கா எழுதியதில் முதல் வரியே அதுதான். பதினான்கு பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூத்த மகன் கோபமாக அலுவலகத்துக்கு வந்தார். "எங்கப்பனைக் கேலி பண்ணிப்போட்டீங்களே" என்றார். அக்கா எழுந்து நின்று, "நீங்க சொன்னதெல்லாம் எந்தப் பஸ் மொதலாளிக்கும் பொருந்துமுங்க. இது உங்கப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும்" என்றார். அவர் போய்விட்டார். திங்கட்கிழமை ஆள் அனுப்பி ஐம்பது பிரதி வாங்கிக்கொண்டார்.

"சாதிச்சதை மகனுங்க சொல்லிருவாங்க. ஆளு எப்படின்னு சமையக்கட்டுலதான் கேக்கோணும்" என்று அக்கா அடிக்கடி சொல்வார். அவர் எழுதிய பெரிய மனிதர்கள் எல்லோரும் இருட்டுக்குப் பயந்தார்கள், இனிப்பைத் திருடித் தின்றார்கள், பேத்தியிடம் சீட்டாட்டத்தில் ஏமாற்றினார்கள். அதனால்தான் தங்கள் வீட்டு மனிதரைப் பற்றி அவரே எழுத வேண்டும் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்பார்கள்.

அந்தப் பெயரில் அக்காவுக்குக் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வெள்ளிக்கிழமை பேப்பர் வந்ததும் செய்தியைப் பார்க்க மாட்டார். தன் பெயர் எந்த அளவு எழுத்தில் வந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். ஒருமுறை எழுத்தின் அளவு ஒரு பாயிண்ட் குறைந்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறப்பார். கடன் வாங்கிய பேனா ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என்னை அவர் கௌசல்யா என்று கூப்பிட்டதே இல்லை. நான் பேசுவது குறைவு என்பதால், சத்தத்தை அணைத்து வைத்த போன் மாதிரி இருக்கிறேன் என்று 'மியூட்டு' என்று பெயர் வைத்தார்.

"ஏய் மியூட்டு, உங்கூட்டுல தறி ஓடற சத்தத்துல பேசிப் பேசி அத்தனை பேரும் கத்துவாங்களே. நீ மட்டும் எப்படிடி இப்படி?" என்பார்.

"தெரியலீங்கக்கா."

"பாரு, ஒரே வார்த்தை. இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது."

அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் நான் பேசாததைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது வராத சிரிப்பு அது.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

பஞ்சாலை வெள்ளிங்கிரி ஐயாவுக்கு எண்பது வயது நிறைந்து ஞாயிற்றுக்கிழமை விழா. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இதழில் முழுப் பக்கம். நடுவில் படம், கீழே அக்கா எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, சுற்றிலும் சொந்தக்காரர்களின் வாழ்த்து. அக்கா புதன்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டு, பவானியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்டார். பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் முன் அக்கா பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் முறை. கிளம்பும்போது என்னிடம், "போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பிப்போட்டு ஒரு கால் பண்ணு. கல்யாண ஊட்டுல நான் போனைப் பாக்க மாட்டேன். மறந்துறாத மியூட்டு, கால் பண்ணோணும்" என்றார்.

வியாழக்கிழமை நேரம் குறைவாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு முதலாம் ஆண்டு நினைவுநாள் விளம்பரத்தை முழுப் பக்கத்தில் செய்திருந்தேன். நடுவில் படம், இரண்டு பக்கமும் தேதி, சுற்றிப் பூ வேலைப்பாடு. அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொண்டேன். கறுப்பு ஓரத்தை மஞ்சளாக்கினேன். குத்துவிளக்கை எடுத்துவிட்டுப் பூரணகும்பம் வைத்தேன். படத்தை மாற்றினேன். ஐயா வீட்டில் கொடுத்த தாளில் இரண்டு தேதிகள் இருந்தன, பிறந்த தேதியும் விழாத் தேதியும். இடது பக்கம் ஒன்றை அடித்தேன். வலது பக்கம் மற்றதை அடித்தேன். தேதிகளுக்கு மேலே சிறிய எழுத்தில் இருந்த 'தோற்றம்', 'மறைவு' என்ற இரண்டு சொற்களை நான் பார்க்கவே இல்லை. வாரம் நான்கு நினைவுநாள் விளம்பரம் செய்கிறவளுக்கு அந்தச் சொற்கள் பூ வேலைப்பாடு மாதிரி ஆகிவிடும்.

பக்கத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்போது மாலை ஐந்து மணி. அவர் பார்க்கவில்லை. கூப்பிட வேண்டும். கல்யாண வீட்டில் போனை வேறு யாராவது எடுத்துவிட்டால் நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும், அக்காவைக் கூப்பிடச் சொல்ல வேண்டியிருக்கும். மேளச் சத்தத்தில் நான் கத்த வேண்டியிருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு ஆசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பிலோமினா பாத்துட்டாங்களா கண்ணு? அனுப்பிரலாமா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வாயைத் திறந்து பொய் சொல்லச் சொல்லியிருந்தால் ஒருவேளை முடிந்திருக்காது. பக்கம் கோவையில் உள்ள அச்சகத்துக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வெள்ளிங்கிரி ஐயா வீட்டுக்கு இரண்டு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். அவிநாசிப் பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் ஒரு காரில் கேதம் விசாரிக்கவே வந்து, வாசலில் ஐயா பல் துலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். சமையல்காரர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குச் சொன்ன பந்தலும் விருந்தும் உண்டா, இல்லை வேறு ஏற்பாடா என்று கேட்டிருக்கிறார்.

செய்தி கேட்டு அக்கா பவானியிலிருந்து கிடைத்த பஸ்ஸில் வந்திருந்தார். கல்யாணத்துக்கு வைத்த பூ தலையில் இருந்தது. ஆசிரியர் பேப்பரை மேசையில் விரித்து வைத்திருந்தார். "பாத்துட்டுத்தானுங்களே சரின்னீங்க?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"ஆமாங்க சார்" என்றார் அக்கா. "கல்யாண அவசரத்துல நல்லாப் பாக்காம சரின்னு சொல்லிப்போட்டனுங்க."

பத்து மணிக்கு மூன்று பேரும் ஐயா வீட்டுக்குப் போனோம். பக்கம் செய்தவள் என்று ஆசிரியர் என்னையும் கூட்டிப்போனார். ஐயா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த மகன் நின்றுகொண்டிருந்தார். அக்கா கும்பிட்டார்.

"வாங்க அம்மணி" என்றார் ஐயா. "ஞாயித்துக்கெழம போறேன்னு போட்டிருக்கீங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்குது, சந்தோசம். ஆனா விருந்துக்கு முன்னாலயா, பின்னாலயான்னு போடலையே? சொன்னீங்கன்னா பந்தியில உக்காரலாமா வேண்டாமான்னு பாத்துக்குவேன்."

"அப்பா, சும்மா இருங்க" என்றார் மகன். அவர் சிரிக்கவில்லை. "அத்தைக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க. இதைப் பாத்துப்போட்டுத்தான். யாரு பாத்தது இந்தப் பக்கத்தை? பேரைப் போட்டு மொதப் பக்கத்துல மன்னிப்புப் போடோணும்."

"நான்தானுங்க பாத்தேன்" என்றார் அக்கா.

"நீங்க எழுதறவங்கதான? எழுதறவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"

அக்கா கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றார். நான் அவருக்கு ஓரடி பின்னால் நின்றேன். அந்த வீட்டில் என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி மன்னிப்பு வந்தது. அதில் அக்காவின் பெயர் இருந்தது. அந்தக் கட்டத்தை அமைத்ததும் நான்தான். 'நம்மூர் மனிதர்கள்' பகுதியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். பிறகு அதை வேறொருவருக்குக் கொடுத்தார். அக்கா வரி விளம்பரம் சேகரிக்கப் போனார். வாடகைக்கு வீடு, பழைய தறி விற்பனை, தையலுக்கு ஆள் தேவை. ஊரில் அவருக்கு ஒரு பெயர் வந்தது. 'ஆளைக் கொன்ன அம்மணி.' டீக்கடையில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தினால், "ஐயோ, எம்பேரை எழுதிறாதீங்க அக்கா, பையன் படிப்பு முடியட்டும்" என்பார்கள். அக்காவும் கூடச் சிரிப்பார். முன்பு அவரே எழுத வேண்டும் என்று கேட்ட வீடுகள் கூப்பிடுவதை நிறுத்தின.

என்னோடு பத்து நாள் அவர் பேசவில்லை. பதினோராம் நாள், "மியூட்டு, ஸ்டேப்ளர் எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அப்படியே மறுபடி பேச ஆரம்பித்துவிட்டோம்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்பா என்னை இந்த வேலைக்கு அனுப்பியபோதே, "உம்மேல ஒரு சொல் வந்துச்சுன்னா மறுநாள் தறிக்கு வந்துரோணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். தறிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாகிவிடுகிறது. எட்டு மாதம் என்பது அப்படித்தான் ஆனது.

இதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை பேசினார். போன மாதம் அவர் ஸ்கூட்டர் பழுதாகி, இருவரும் சூலூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். பேக்கரியில் வாங்கிய பப்ஸை இரண்டாக்கி எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்திருந்தார். விமானப் படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பித் தலைக்கு மேலே போனது. அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"நீயா சொல்லுவேன்னு ஒரு மாசம் பாத்தேன் மியூட்டு."

நான் பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உனக்காக அன்னிக்கு நான் ஒண்ணும் பெருசாப் பண்ணல. மேரி மாதா சத்தியமா வாயில அப்படி வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் திருப்பி எடுத்துக்க முடியல. ஊட்டுக்குப் போயி எனக்கே கோவம், எதுக்குடி சொன்னேன்னு. சரி, அந்தப் புள்ள வந்து சொல்லிரும்னு நெனச்சேன். அப்புறம் நெனைக்கறதை விட்டுட்டேன்."

"அக்கா" என்றேன்.

"வுடு. பஸ் வருது, ஏறு."

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. அதற்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த நாளும் அவர் இருந்தார்.

புதன்கிழமை கருமத்தம்பட்டிக்குப் போனேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அவருடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்த பிறகு அக்கா இந்த அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும்தான் இருந்தார். பெண்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர், எங்கள் பேப்பரின் பழைய சந்தாதாரர்கள், மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா எழுதுமுங்க. நம்ம பெரியப்பனைப் பத்தி எழுதுனதை இன்னும் வெச்சிருக்கறோம்."

"வெள்ளிங்கிரி ஐயாவைச் சாவடிச்சது இந்த அம்மாதான?"

"அட ஆமா. அவரு கல்லாட்டம் இருக்கறாரு. பாவம், இது போயிருச்சு பாருங்க."

ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பெட்டியைத் தூக்கும்போது முதலில் கை கொடுத்தவர் அவர்தான்.

நான் எழுந்து நின்றேன். 'அது அக்கா இல்லீங்க' என்று சொல்ல நான்கு வார்த்தைகூட வேண்டியதில்லை. ஆனால் நம் பக்கத்தில் சாவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வந்தவர்கள் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அதனால் நான் எழுந்ததும் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதாவது சொல்லப் போகிறேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். அக்காவை அடக்கம் செய்யும்வரைகூட நான் இருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆசிரியர், அக்காவைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையை என்னிடம் அடிக்கக் கொடுத்தார். மனதார எழுதியிருந்தார். பஸ் முதலாளி கதை இருந்தது. மழையில் நனைந்தபடி வந்து கட்டுரை கொடுத்தது இருந்தது. மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருந்தது. 'ஒரே ஒருமுறை நேர்ந்த கவனப் பிழையைத் தவிர, அவருடைய பணியில் குறை சொல்ல ஏதும் இல்லை.' அவர் அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருந்தார். நான் அந்த வரியை மாற்றாமல் கணினியில் அடித்தேன். அடுத்த வரியையும் அடித்தேன். முழுவதும் முடித்து, பக்கத்தில் வைத்து, அக்காவின் படத்தைப் பொருத்தினேன். இடது பக்கம் 'தோற்றம்', வலது பக்கம் 'மறைவு'. இந்தமுறை இரண்டும் சரியாக இருந்தன.

பிறகு பக்கத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தேன். நீங்கள் இதுவரை படித்ததைச் சாயங்காலம்வரை உட்கார்ந்து எழுதினேன். கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தலையாட்டுனியே கண்ணு" என்றார். "நான் கேட்டப்போ நீ தலையாட்டுனியே."

"ஆமாங்க சார்."

"பதினோரு வருசம் எழுதுன பொம்பளையை நான் தறி விக்கற வெளம்பரம் வாங்க அனுப்பிச்சனே."

அவர் என்னைத் திட்டவில்லை. தன் தாளை வாங்கி அந்த மூன்றாவது பத்தி வரியைப் பேனாவால் அடித்து நீக்கினார். பிறகு போனை எடுத்து ஓர் எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். "வெள்ளிங்கிரி ஐயா ஊடு. அடுத்த வாரம் பேப்பர்ல பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. நீயே சொல்லு."

ஐயாவே எடுத்தார். "யாருங்க?"

"கௌசல்யாங்க. பேப்பர் ஆபீஸ்லருந்து." என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆசிரியர் சத்தமாகப் பேசச் சொல்லிச் சைகை காட்டினார். "ஐயா, உங்க எம்பதாம் வருசப் பக்கத்துல மறைவுன்னு போட்டது நானுங்க. பிலோமினா அக்கா அதைப் பாக்கவே இல்லீங்க. அக்கா எனக்காகச் சொல்லிருச்சுங்க."

அந்தப் பக்கம் ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அந்தம்மா நேத்து எடுத்தாச்சுங்களா?" என்றார்.

"ஆச்சுங்க."

"இருக்கறப்போ சொல்லியிருந்தா அந்தம்மாளுக்கு ஆகியிருக்கும். இப்ப எனக்கு எதுக்குங்க அம்மணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சரி, என்ற பையன்கிட்டச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. ஸ்டீபன் அண்ணனுக்கும் போன் செய்து சொன்னேன். அவர் அம்மாவிடம் சொல்வதாகச் சொன்னார். எங்கள் வீட்டிலும் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா எழுந்து கை கழுவப் போனார். நாளைக்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தறிக்கு வா என்றால் போவேன்.

பிலோமினா அக்காவிடமிருந்து எனக்கு என்று வைத்துக்கொள்ளப் பொருள் எதுவும் இல்லை. அவர் எழுதியவை உங்கள் வீடுகளில், கத்தரித்து வைத்த தாள்களாக இருக்கின்றன. அவை உங்களுடையவை. எட்டு மாதமாக அவர் பெயரில் கிடந்த ஒரு பிழை இருக்கிறது. அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிங்கிரி ஐயா பல் துலக்கிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்ட கதையை இனியும் நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், சிரிப்பு வருகிற கதைதான். அந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று கேட்டால், சோமனூர் கௌசல்யா என்று சொல்லுங்கள்.